பிரிந்தாலும் மனைவிதான்: சோறு, கூரை, பிரமாணம்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். துணிக்கடைக் கட்டைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நான்காக மடித்த முத்திரைத்தாள். மடிப்பு விழுந்த இடம் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. 2009-ல் எழுதியது. "இன்று முதல் இருவரும் பிரிந்து வாழ்வதென்றும், இனி ஒருவர் மீது ஒருவருக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் இல்லையென்றும் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து" என்று போகிறது வாசகம். கீழே இருவர் கையெழுத்து, நான்கு சாட்சிகள்.

"ஒப்பு போட்டுக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. இப்ப அவரு போய்ட்டாரு. பாறசாலையில எட்டு சென்ட்ல வீடு இருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்க முடியாதுல்லா?"

குழித்துறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டீக்கடை பெஞ்சில் பேசப்படும் கல்யாணச் சட்டம் ஒன்று உண்டு. ஏழு வருஷம் சேர்ந்து வாழாவிட்டால் தானாக டைவர்ஸ் ஆகிவிடும். டைவர்ஸ் ஆனால் பாதிச் சொத்து பெண்ணுக்கு. சபையில் தீர்த்துவைத்தால் கோர்ட் வேண்டாம். அக்கரையில், அதாவது எல்லை தாண்டிக் கேரளத்தில், சொத்து இருந்தால் அக்கரைச் சட்டம். இந்த நான்கும் தவறு. அந்த அக்காவின் எட்டு சென்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன். அவரை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானே வழக்கு நடத்தவேண்டாம். வக்கீல் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

வெட்டை நிறுத்திய தோட்டம்

நம் பக்கத்தில் ரப்பர் தெரியாதவர் இல்லை. விலை விழுந்தால் பால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். சிரட்டை கவிழ்ந்து கிடக்கும், காடு ஏறும், பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போகமாட்டார்கள். பத்து வருஷம் அப்படிக் கிடந்தாலும் அது ரப்பர் தோட்டம்தான். பட்டாவில் பெயர் மாறாது. மரத்தை முறித்து விற்றால்தான் அந்த இடத்தில் வேறு நடமுடியும்.

கணவன் மனைவி பிரிந்து இருப்பது வெட்டை நிறுத்திய மாதிரி. கல்யாணம் அப்படியே இருக்கிறது. அவள் தாய்வீட்டில் இருக்கலாம், அவன் வளைகுடாவில் இருக்கலாம், இருபது வருஷமாக முகம் பார்க்காமல்கூட இருக்கலாம். சட்டத்தின் கணக்கில் இருவரும் கணவன் மனைவிதான். விவாகரத்து என்பது மரத்தை முறிப்பது. அதை இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கோர்ட்தான் செய்யமுடியும். முஸ்லிம்களுக்கு வேறு வழிகளும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இடையில் இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் நீதிமுறைப் பிரிவு. "இவர்கள் சேர்ந்து வாழவேண்டிய கட்டாயம் இல்லை" என்று கோர்ட்டே எழுதிக்கொடுப்பது. வெட்டக் கூடாது என்று தோட்டத்துக்கு உத்தரவு வாங்கிய மாதிரி. அதற்குப் பிறகும் கல்யாணம் முறிவதில்லை, மறுமணம் செய்யமுடியாது. இந்துத் திருமணச் சட்டம் 1955-ன்படி, அந்த உத்தரவுக்குப் பின் ஓராண்டு சேராமலே இருந்தால் இருவரில் யாரும் விவாகரத்துக் கேட்கலாம்.

முத்திரைத்தாளில் எழுதியது இதில் எதிலும் சேராது. இருபது ரூபாய் தாளாக இருந்தாலும் இருநூறு ரூபாய் தாளாக இருந்தாலும் அதற்கு மரம் முறிக்கும் பலம் கிடையாது. ஒரு விதிவிலக்கு: சில சமூகங்களில் பழைய காலத்திலிருந்தே ஊர்க்கூட்டத்தில் அறுத்துக்கட்டும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை இந்துத் திருமணச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் தொன்மையானது, விடாமல் நடந்துவருவது என்று கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும். "எங்க ஊர்ல அப்படித்தான்" என்று சொன்னால் போதாது. நான் பார்த்தவரை அதை நிரூபித்தவர்கள் குறைவு.

பிரிவில் தொடங்கி சாவு வரை கணவன் மனைவி உரிமைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும். சாப்பாட்டுக்கு வழி, தலைக்கு மேல் கூரை, பெயரில் பிரமாணம். பிரமாணம் என்று நாங்கள் சொல்வது கிரயப் பத்திரத்தை. இந்த மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்ததால் இன்னொன்று கிடைக்காது, ஒன்று போனதால் இன்னொன்று போய்விடாது.

சோறு

ஜீவனாம்சம் என்பது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத துணைக்கு, வசதியுள்ள துணை மாதாமாதம் கொடுக்கவேண்டிய பணம். இதற்கு விவாகரத்து வழக்கு போடவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று கேட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. எண் மாறியதே தவிர விஷயம் பெரிதாக மாறவில்லை. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லா மனைவிக்கும் பொது. விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் உறுதி செய்தது.

வழக்கு முடியும்வரை பட்டினி கிடக்கவேண்டாம். இடைக்காலத் தொகை கேட்கலாம், அதை நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாட்களுக்குள் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த 60 நாள் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு நல்ல காரியம் செய்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்றது. தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடவேண்டும் என்றது. அதற்கு முன், வழக்கை இழுத்தால் இழுத்தவனுக்கு லாபமாக இருந்தது.

மனைவி மட்டும்தான் கேட்கமுடியுமா? 144-வது பிரிவில் ஆம். ஆனால் இந்துத் திருமணச் சட்டத்தில் வழக்கு நடக்கும்போதும் முடிந்த பிறகும் கணவனும் கேட்கலாம். கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு, நல்ல உடம்போடு வேலைக்குப் போகாமல் இருப்பவருக்குக் கோர்ட் எளிதில் இரங்காது.

இனி அந்த முத்திரைத்தாளின் விஷம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 144-வது பிரிவில், இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. தாலியை அறுக்கும் பலம் அந்தத் தாளுக்குக் கிடையாது, ஆனால் சோற்றுத் தட்டைத் தட்டிவிடப் பார்க்கும். "இனி ஜீவனாம்சமே கேட்கமாட்டேன்" என்று எழுதிக்கொடுத்ததைக் கோர்ட்டுகள் பொதுவாக மதிப்பதில்லை என்பது ஆறுதல். இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அதைத்தான். அடித்து விரட்டியதையும் "மனமொத்து" என்று எழுதி ஒப்பு வாங்கிவிடுவார்கள். அதனால் யார் நீட்டினாலும் அன்றைக்கே ஒப்பு போடாதீர்கள்.

கூரை

2005-ல் வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடிதடிக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதில் குடியிருக்கும் உரிமை ஒன்று இருக்கிறது. கணவனோடு குடித்தனம் நடத்திய வீட்டிலிருந்து சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் மனைவியை வெளியேற்ற முடியாது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிப்பது பல காலம் நடந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வீடு கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும், நிரந்தரமாக அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் அதுவும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்றது.

இது இருக்கும் உரிமை, எடுத்துக்கொள்ளும் உரிமை அல்ல. வீட்டில் தங்கலாம், விற்கமுடியாது. அந்த வீட்டுக்குப் பதில் வேறு வாடகை வீடு ஏற்பாடு செய்யும்படியும் கோர்ட் சொல்லலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், 181-க்குப் போன் செய்யலாம்.

ஸ்த்ரீதனம்: ஒரு சொல், இரண்டு பொருள்

எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு குழப்பம் இது. நாங்களும் மலையாளிகளும் ஸ்த்ரீதனம் என்றால் வரதட்சிணையைச் சொல்கிறோம். "அம்பது பவுன் ஸ்த்ரீதனம் கேட்டாங்க" என்பது சாதாரணப் பேச்சு. சட்டப் புத்தகத்தில் அதே சொல்லுக்கு நேர் எதிரான பொருள். அங்கே ஸ்த்ரீதனம் என்பது பெண்ணின் சொந்தச் சொத்து. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு வந்த நகை, பணம், பரிசு எல்லாம் அதில் அடக்கம். கணவனுக்கு அதில் கூட்டு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

கோர்ட் வாசலில் இந்த ஒரு சொல்லால் எத்தனை குழப்பம்! "ஸ்த்ரீதனத்தைத் திரும்பக் கேளுங்க" என்று வக்கீல் சொன்னால், "அது குடுத்ததே தப்புன்னு கேஸ் போட்டுடுவாங்களே" என்று அப்பா பயப்படுவார். வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம் என்பது சரிதான். அதே சட்டத்தின் 6-வது பிரிவு, வரதட்சிணையாக வாங்கியதையும் மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கவேண்டும், அதுவரை அவளுக்காக வைத்திருக்கும் பொருளாகவே கருதவேண்டும் என்கிறது. ஆக எந்தப் பெயரில் போனாலும் பொன் அவளுடையது.

2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணத்துக்குப் போட்ட 89 பவுன். முதல் இரவிலேயே பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கி மாமியார் கையில் போனதாக மனைவி சொன்னார். பிறகு அது கடனுக்குப் போயிற்று. கஷ்டகாலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக்கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்ற கோர்ட், 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இப்படிப்பட்ட வழக்கில் நகைக்கடை பில்லும் கல்யாண ஆல்பமும்தான் சாட்சி. ஆல்பத்தைக் கோபத்தில் கிழித்துப்போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இதுவரை பார்த்ததில் பிரமாணம் வரவே இல்லை. கல்யாணம் உயிரோடு இருக்கும்போது சோறும் கூரையும் கேட்கலாம், தன் நகையைத் திரும்பக் கேட்கலாம். கணவன் பெயரில் உள்ள நிலத்தில், அவன் இருக்கும்வரை மனைவிக்குப் பங்கு இல்லை. அவள் பெயரில் உள்ளதில் அவனுக்கும் இல்லை.

மரத்தை முறிப்பது

இருவருக்கும் சம்மதம் என்றால் இந்துக்கள் ஓராண்டு பிரிந்து இருந்தபின் சேர்ந்தே மனுப் போடலாம். மனுவுக்குப் பின் ஆறு மாதம் யோசிக்க அவகாசம் உண்டு, தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதம் இல்லை என்றால் காரணம் காட்டவேண்டும்: கொடுமை, பிறரோடு உறவு, இரண்டு ஆண்டாகக் கைவிட்டது போன்றவை. அந்த ஏழு வருஷக் கதை எங்கிருந்து வந்தது என்றால், ஏழு ஆண்டாக உயிரோடு இருக்கும் தகவலே இல்லை என்பதும் ஒரு காரணம். அதற்கும் மனுப் போட்டுத் தீர்ப்பு வாங்கவேண்டும். தானாக எதுவும் நடக்காது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இரண்டு விஷயம். சபையோ மறைமாவட்டமோ "இந்தத் திருமணம் செல்லாது" என்று கொடுக்கும் தீர்ப்பு சபைக்குள் செல்லும், அரசுக்கு முன் செல்லாது. உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இருதாரக் குற்றம் ஆகும், ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டாவது விஷயம் எல்லைக்கோடு சம்பந்தப்பட்டது. 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், சம்மதத்தோடு பிரிய இரண்டு ஆண்டு தனியாக இருந்திருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டு என்று வாசித்தது. 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் காத்திருப்பும் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்றது.

முஸ்லிம்களுக்கும் கோட்டின் இருபுறமும் வித்தியாசம் உண்டு. ஒரே மூச்சில் மூன்று தலாக் 2017-ல் செல்லாததாகி, 2019-ல் குற்றமும் ஆகிவிட்டது, அது எங்கும் ஒன்றே. ஆனால் குலா, அதாவது மனைவி முன்வந்து கேட்கும் மணவிலக்கு, கோர்ட்டுக்கு வெளியே செல்லும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல், தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்றது. இஞ்சிவிளைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தாளின் மதிப்பு மாறுகிறது!

அப்புறம் அந்தப் பாதிச் சொத்து. சினிமாவிலும் வெளிநாட்டுச் செய்தியிலும் பார்த்து வந்த நம்பிக்கை. இந்தியாவில் கோவா தவிர மற்ற இடங்களில் கல்யாணம் சொத்தைப் பொதுவாக்குவதில்லை. விவாகரத்தில் கோர்ட் நிரந்தர ஜீவனாம்சம் தரலாம், மொத்தத் தொகையாகவும் தரலாம், இருவரும் சேர்த்து வாங்கியதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கலாம். பாதிக்குப் பாதி என்று கோடு போட்டுப் பிரிக்கும் சட்டம் இல்லை. ஆணுக்கு இது நிம்மதியாகத் தெரியலாம். முப்பது வருஷம் சமைத்துப் போட்டு, மாட்டுத்தொழுவம் பார்த்து, மாமியாரைக் குளிப்பாட்டிய பெண்ணின் உழைப்புக்குப் பிரமாணத்தில் இடமே இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரே தெரு, மூன்று கணக்கு

எங்கள் பக்கத்துத் தெருக்களில் கோயிலும் குருசடியும் பள்ளிவாசலும் ஒரு மைலுக்குள் இருக்கும். மூன்று வீடு எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் கணவன் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், இறந்தவரின் தாய் இருக்கிறார்கள். தந்தை முன்பே போய்விட்டார். மூவரும் சொந்தமாகச் சம்பாதித்தது 24 சென்ட். உயில் எழுதவில்லை.

இந்து வீட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 6 சென்ட். தாய்க்குச் சம பங்கு என்பது பலருக்கு அதிர்ச்சி. "மாமியாருக்கு எதுக்கு?" என்று கேட்காத மருமகளை நான் பார்த்ததில்லை.

கிறிஸ்தவ வீட்டில் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 8 சென்ட். மீதி 16 பிள்ளைகளுக்குச் சமமாக, ஆளுக்கு 8. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லாமல் உறவினர் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி.

முஸ்லிம் வீட்டில் ஷரீஅத் கணக்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 சென்ட். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 சென்ட். மீதி 17 சென்ட்டில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பிள்ளை இல்லாவிட்டால் மனைவியின் பங்கு நான்கில் ஒன்றாக உயரும்.

கிறிஸ்தவ விதவைக்கு இந்த 8 சென்ட் எளிதாக வரவில்லை. இப்போதைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், விதவைக்கு நிலத்தில் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தது. மறுமணம் செய்தால் அதுவும் போகும். மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சட்டத்திலேயே அதற்கு ஸ்த்ரீதனம் என்று பெயர்! கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-ல் வந்த தீர்ப்பு, அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1-லேயே காலாவதியாகிவிட்டது என்றது.

கலப்புத் திருமணமாக இருந்தால்? ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்ற ஜோடி எங்கள் பக்கம் தாராளம். அவர்கள் சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ல் பதிவு செய்திருந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கணக்கு வரும். மதம் மாறாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டியிருந்தால் இந்துத் திருமணச் சட்டப்படி அந்தக் கல்யாணமே செல்லாது. காதல் கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் இதை நான் தொண்டை வற்றச் சொல்வேன், கேட்பார்கள், சிரிப்பார்கள், போவார்கள்.

அவள் போனால்

மனைவி இறந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதே இல்லை, பெண்ணுக்குச் சொத்து இருக்காது என்ற நினைப்பு. இப்போது ஆசிரியைகளும் நர்ஸுகளும் தங்கள் பெயரில் வீடு கட்டுகிறார்கள்.

இந்துப் பெண்ணின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சமமாகப் போகும். இருவரும் இல்லாவிட்டால்தான் வினோதம். அவள் சொந்தமாகச் சம்பாதித்தது அடுத்து போவது அவளுடைய தாய் தந்தைக்கு அல்ல, கணவனின் வாரிசுகளுக்கு. கணவனை இழந்த, பிள்ளையில்லாத ஒரு நர்ஸ் குவைத்தில் உழைத்து வாங்கிய நிலம், அவளை வளர்த்த அம்மா உயிரோடு இருக்கும்போதே கொழுந்தனாருக்குப் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் பிள்ளை இல்லாதபோது தந்தை வழிக்குத் திரும்பும். மருமக்கத்தாய வழியில், அதாவது தாய்வழி வாரிசு முறையில், வந்த குடும்பங்களுக்கு அதே சட்டத்தின் 17-வது பிரிவு தனிக் கணக்கு வைத்திருக்கிறது: முதலில் பிள்ளைகளும் தாயும், அதற்கு அடுத்த படியில்தான் தந்தையும் கணவனும். கொழுந்தனாருக்கு விட மனமில்லாதவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், உயில் எழுதுவது. இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தால் நல்லது. கேரளத்தில் வில்பத்திரம் என்பார்கள்.

கணவனும் அதே உயிலால் மனைவியை விட்டுவிட முடியும் என்பது மறுபக்கம். இந்துவும் கிறிஸ்தவரும் சொந்தச் சொத்து முழுவதையும் யாருக்கும் எழுதிவைக்கலாம். முஸ்லிம் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் எழுதலாம், அதனால் அங்கே மனைவியின் எட்டில் ஒன்றை உயிலால் முழுதாக அழித்துவிட முடியாது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

பங்கு எவ்வளவு என்பதை மதத்தின் சட்டம் முடிவு செய்கிறது. நிலம் கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறதா நம் பக்கத்துப் படந்தாலுமூட்டில் இருக்கிறதா என்பது அல்ல. மாறுவது அலுவலகமும் பெயர்களும். இங்கே பட்டா மாற்றம், அங்கே போக்குவரவு. இங்கே தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் தமிழில், அங்கே மலையாளத்தில்.

வழக்கு எங்கே போடுவது என்ற கவலை பெண்களுக்கு அதிகம், நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய முடியாதே என்று. மனைவி தான் இருக்கும் ஊரிலேயே ஜீவனாம்ச மனு போடலாம், இந்துவாக இருந்தால் விவாகரத்து மனுவும் போடலாம். 2003-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் இதற்காகவே ஒரு வரி சேர்த்தார்கள். வக்கீல் கூலிக்குப் பணம் இல்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். போன் 15100.

வங்கியில் நாமினி யார் என்று கேட்டுக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கும் ஆள், வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டியவர்.

அந்த எட்டு சென்ட்

அக்காவின் தாள் விவாகரத்து இல்லை. இறந்தவர் அவரை விவாகரத்துச் செய்யவே இல்லை. ஆகவே அவர் விதவை, முதல் வகுப்பு வாரிசு. "யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரி? நாளை கிடைக்கக்கூடிய வாரிசுரிமை இன்றைக்கு வெறும் எதிர்பார்ப்புதான், அதை முன்கூட்டி விட்டுக்கொடுத்துவிட முடியாது என்பது பொது விதி.

இறந்தவர் பாறசாலையில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தியிருந்தார். ஒரு பையன் உண்டு. அந்தப் பெண் நல்லவராக இருக்கலாம், கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். முதல் கல்யாணம் முறியாமல் நடந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது, அதனால் வாரிசு வரிசையில் அவர் பெயர் இல்லை. பையன் கதை வேறு. செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் சட்டம் அவனைச் சட்டபூர்வமான பிள்ளையாகவே பார்க்கிறது, தகப்பன் சொத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதைச் சொல்லியிருக்கிறது.

அக்கா இதைக் கேட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. தன் மகள், தான், மாமியார், அந்தப் பையன் என்று விரல் மடக்கி எண்ணினார்.

"நாலு பேரா?"

"நாலு பேர். ஆளுக்கு ரெண்டு சென்ட்."

"அந்தப் பையனை விட்டுட்டு எழுதினா?"

"சான்றிதழ் பிறகு ரத்தாகும், கேஸ் வேற வரும்."

அவர் முத்திரைத்தாளை மடித்து மறுபடியும் கவருக்குள் வைத்தார். இதைக் கிழித்துப் போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருவரும் எந்தத் தேதியிலிருந்து தனித்தனியாக இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி, எங்கேயாவது கேட்பார்கள். அடுத்த வாரம் வரும்போது அவர் கையில் கல்யாணம் பதிந்த தாளும், மகளின் பிறப்புச் சான்றிதழும், பையன் படிக்கும் பள்ளியிலிருந்து வாங்கிய மலையாளத் தாள் ஒன்றும் இருந்தன. அதை எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.